மரியாதைக்காரர்

பராவோனா வானொலியில், நேயர்கள் போனில் பேசும் பேஸ்பால் நிகழ்ச்சி பன்னிரண்டரை மணிக்குத் தொடங்கும். ஊர் முழுவதும் தட்டில் சோறும் பீன்ஸும் போட்டுக்கொண்டு உட்காரும் நேரம். எவரிஸ்தோ ஃபேலிஸின் வீட்டில் மட்டும் ஆகஸ்ட் மாதத்திலிருந்து அந்த நேரத்தில் வானொலி பேசுவதில்லை. அவன் மனைவி மில்கேயா அதன் வயரைப் பிடுங்கி, அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள்.

ஒளித்து என்ன பயன்? பக்கத்து வீட்டில் ஓடியது. எதிர் வீட்டில் ஓடியது. தெருமுனையில் காய்கறி விற்பவனின் வண்டியில்கூட ஓடியது. திறந்திருந்த ஜன்னல் வழியாக ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராக வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டார்கள்.

"எவரிஸ்தோ, உன் மட்டையை உன் பொண்டாட்டிகிட்டக் குடுடா! வாழைக்காய் நசுக்கவாவது ஆகும்!"

"போன வருஷம் நீ பந்தை அடிச்சதைவிட எங்க வீட்டுக் கிடா வேலியை முட்டினது அதிகம்டா!"

எவரிஸ்தோ சோற்றைப் பிசைந்தபடியே சிரித்தான். "கிடா விஷயம் நல்லாத்தான் இருக்கு."

"சிரிக்காதே. எனக்குப் பத்திக்கிட்டு வருது" என்றாள் மில்கேயா.

"முப்பத்தெட்டு வயசாச்சு. போன வருஷம் நான் ஆடினதை நீயும்தானே பார்த்தே? இவங்க கத்தலைன்னாதான் நான் கவலைப்படணும்."

அது உண்மைதான். பதினெட்டுக் குளிர்காலங்களாக ஊர் அணிக்கு ஆடுகிறவன் அவன். முதல் வருடம் அவனுக்காக மேளம் தட்டிய மைதானத்தின் அதே சிமெண்ட் படிக்கட்டுகள்தான் போன ஜனவரியில் அவன் மட்டையோடு நடந்து வந்தபோது ஊளையிட்டன. ஊளையை அவன் பொறுத்துக்கொள்வான். வசவு விளையாட்டின் ஒரு பகுதி. சம்பளத்தோடு சேர்ந்து வருவது.

அவனால் பொறுக்க முடியாதது ஒரே ஒரு குரலைத்தான். அது வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும். மூக்கைப் பொத்திக்கொண்டு பேசுவதுபோல் கம்மலாக இருக்கும். அன்றும் வந்தது.

"வணக்கம். நான் சிமெண்ட் படியில உட்கார்ற ஆளு. எவரிஸ்தோ, நீங்க இந்த ஊருக்கு நிறைய செஞ்சிருக்கீங்க. யாரும் இல்லைன்னு சொல்லல. ஆனா உங்க மட்டை இப்ப பந்து போனதுக்கப்புறம்தான் சுத்துது. உங்களால முடியல. தயவு செஞ்சு வீட்டுக்குப் போங்க."

நிகழ்ச்சி நடத்தும் ஃபாபியோ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பது இங்கே கேட்டது. "நேயர்களே, நம்ம மரியாதைக்காரர் வந்துட்டாரு! கழுத்தை அறுக்கறதுக்கு முன்னாடி 'கொஞ்சம் நிமிருங்க'ன்னு கேட்பாரு போல!"

ஊர் முழுக்க அந்தப் பெயர் பரவியிருந்தது. பேக்கரியில் பிள்ளைகள்கூட ஒருவரையொருவர், "தயவு செஞ்சு வீட்டுக்குப் போங்க" என்று கேலி செய்துகொண்டார்கள். யாரோ ஓய்வுபெற்ற வாத்தியாராக இருக்கும் என்று எவரிஸ்தோ நினைத்தான். ஆனால் மற்றவர்களின் வசவு தோளில் விழுந்து கீழே உதிர்ந்துவிடும். இந்த மனிதரின் வார்த்தை மட்டும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அவர் கோபத்தில் பேசவில்லை என்பதால்தான் அது வலித்தது.

அணி நிர்வாகம் அவனுக்கு இந்த வருடத்துக்கு இன்னும் ஒப்பந்தம் கொடுக்கவில்லை. செப்டம்பர் கடைசியில் நடக்கும் பயிற்சி ஆட்டங்களுக்கு வா, பார்த்துவிட்டுப் பட்டியலில் சேர்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அவன் கேட்டதெல்லாம் ஒரு பருவம். கடைசி ஆட்டத்தன்று மைதானத்தின் நடுவில் நின்று, தொப்பியைக் கழற்றி, "நான் போயிட்டு வரேன்" என்று அவன் வாயால் சொல்லிவிட்டுப் போக வேண்டும். பிறர் சொல்லிப் போகக் கூடாது.

அதற்காகத்தான் விடியற்காலையில் கடற்கரை மணலில் லாரி டயரை இடுப்பில் கட்டி இழுத்தான். அதற்காகத்தான் ரொட்டியை விட்டான், பியரை விட்டான், மில்கேயா பொரித்த சீஸைப் பார்க்காமல் கண்ணைத் திருப்பிக்கொண்டான். அவனோடு அத்தனை காலையும் நின்றவன் லியோனிதாஸ்.

லியோனிதாஸும் அவனும் ஒரே தெருவில் மண்ணைத் தின்று வளர்ந்தவர்கள். 'டேய்', 'போடா' என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை அவர்களுக்குள் இருந்ததில்லை. பதினைந்து வருடங்களுக்கு முன் எவரிஸ்தோவின் மகள் யாரிபெல் பிறந்தாள். ஞானஸ்நானத் தொட்டியில் அவளைக் கையில் தாங்கி ஞானத்தகப்பன் ஆனான் லியோனிதாஸ். அன்றோடு 'டேய்' போயிற்று. பிள்ளையை நடுவில் வைத்துக் கடவுளுக்கு முன்னால் உறவான இரண்டு ஆண்கள் ஒருமையில் பேசிக்கொள்வது பராவோனாவில் வழக்கமில்லை; 'கொம்பாய்' என்றுதான் அழைத்துக்கொள்வார்கள். கோயில் வாசலிலேயே, "வாங்க, கொம்பாய்" என்றான் லியோனிதாஸ். "நீங்க முன்னாடி போங்க, கொம்பாய்" என்றான் எவரிஸ்தோ. இருவருக்கும் சிரிப்பு முட்டியது. ஒரு மாதத்தில் பழகிவிட்டது. ஒரு வருடத்தில் வேறு மாதிரி பேச வராமலே போய்விட்டது. மற்றவர்கள் எவரிஸ்தோவைக் கட்டிப் பிடிக்கலாம், முதுகில் தட்டலாம், கெட்ட வார்த்தை சொல்லலாம். 'கொம்பாய், நீங்க' என்று சொல்ல ஒருவனுக்குத்தான் உரிமை.

லியோனிதாஸுக்கு மளிகைக்கடை. பெரிய தண்ணீர்க் கேன்களின் நீல மூடிகளை வாளி வாளியாகச் சேர்த்துவைத்திருந்தான். காலை ஆறு மணிக்குக் கடைக்குப் பின்னால் இருக்கும் முற்றத்தில் அவன் மூடியை வீசுவான். எவரிஸ்தோ துடைப்பக் கட்டையால் அடிப்பான். தெருப்பிள்ளைகளின் ஆட்டம்தான். ஆனால் காற்றில் வளைந்து நெளிந்து வரும் அந்தச் சின்ன மூடியை அடிக்கப் பழகியவனுக்குப் பந்து பூசணிக்காய் அளவுக்குத் தெரியும்.

டக்! மூடி கூரைமேல் போய் விழும்.

"அருமை, கொம்பாய்! இருபது வயசுப் பையன் மாதிரி அடிக்கறீங்க!"

"நிஜமாவா சொல்றீங்க?"

"நான் உங்ககிட்ட எதுக்குப் பொய் சொல்லப் போறேன்?"

செப்டம்பர் பத்தாம் தேதி வாக்கில் ஒரு காலை, லியோனிதாஸின் கை நழுவி ஒரு மூடி உள்பக்கமாக, உடம்பை ஒட்டி வளைந்தது. எவரிஸ்தோ அசையவே இல்லை. மூடி அவன் இடது கன்னத்தில் சப்பென்று அடித்தது. விழுந்த மூடியைக் குனிந்து தேடியபோதுதான் அவனுக்கே புரிந்தது: அது வந்ததையே அவன் பார்க்கவில்லை.

லியோனிதாஸ் வாளியைக் கீழே வைத்தான்.

"கொம்பாய், கண் டாக்டர்…" என்று ஆரம்பித்தான் லியோனிதாஸ்.

"வேண்டாம். டாக்டர்கிட்ட போனா சாயங்காலமே ஊருக்குத் தெரிஞ்சிடும். உடம்பை ஒட்டி வர்றது மட்டும்தான் கொஞ்சம் மறைக்குது. மத்ததெல்லாம் நல்லாவே தெரியுது. மில்கேயாவுக்குக்கூடச் சொல்லாதீங்க."

"சொல்ல மாட்டேன்."

"யாரிபெல் மேல சத்தியமா?"

லியோனிதாஸ் தொண்டையைச் செருமினான். "என் ஞானமகள் மேல சத்தியம்."

அதற்குப் பிறகு ஒரு மூடிகூட உள்பக்கம் வரவில்லை. எல்லாம் வெளிப்பக்கம், எட்டி அடிக்க வாகாக, மெதுவாக வந்தன. எவரிஸ்தோ அத்தனையையும் கூரைக்கு அனுப்பினான். "அருமை, கொம்பாய்! அருமை!"

முதல் பயிற்சி ஆட்டம் ஒரு சனிக்கிழமை. நான்கு முறை மட்டை பிடித்தவன் இரண்டு முறை அடித்தான். ஒன்று வலது மூலை வேலி வரை உருண்டு போனது. பயிற்சியாளர் கமீலோ அவன் தோளை அழுத்தி, "வியாழக்கிழமையும் இப்படி ஆடு, பட்டியலை அப்புறம் நான் பார்த்துக்கறேன்" என்றார். அன்று வீட்டில் மில்கேயா சீஸ் பொரித்தாள். அவன் சாப்பிட்டான். வானொலி வயரைக்கூட அவளே எடுத்து மாட்டினாள்.

செவ்வாய்க்கிழமை மரியாதைக்காரர் பேசினார்.

"எவரிஸ்தோ, சனிக்கிழமை நீங்க அடிச்சது எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா ஊரை ஏமாத்தாதீங்க. உடம்பை ஒட்டி உள்ள வர்ற பந்து உங்க கண்ணுக்குத் தெரியல. அது உங்களுக்கே தெரியும். தலையில பட்டா யாரு பதில் சொல்றது? பிள்ளை குட்டிக்காரர் நீங்க. போதும், விட்டுடுங்க."

இந்த முறை ஃபாபியோ சிரிக்கவில்லை. "அப்படியா? எல்லாரும் கேட்டுக்கோங்க" என்றான்.

கேட்டுக்கொண்டார்கள். வியாழக்கிழமை எதிரணியில் பந்து வீசும் பிட்சர், இருபத்திரண்டு வயதுப் பையன், முதல் பந்தையே எவரிஸ்தோவின் விலா எலும்பை உரசுவதுபோல் போட்டான். இரண்டாவதும் அங்கேயே. மூன்றாவதும். எவரிஸ்தோ காற்றை மட்டும் அடித்துவிட்டுத் திரும்பினான். அடுத்த முறையும் அதே கதை. மூன்றாவது முறை பந்து அவன் முன்கையில் வந்து மோதியது. அது வலித்தபோதுதான் வந்தது என்றே தெரிந்தது. படிக்கட்டுகளில் ஒரு கூட்டம் எழுந்து நின்று, பாட்டு மாதிரி இழுத்துப் பாடியது: "தயவு செஞ்சு… வீட்டுக்குப் போங்க…"

கமீலோ அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பனிக்கட்டிப் பையை நீட்டினார். அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

"வானொலியில சொன்னது நிஜம்தானே?"

எவரிஸ்தோ பையை முன்கையில் வைத்து அழுத்திக்கொண்டான்.

"நான் மட்டும் கேட்டிருந்தா பரவாயில்லைடா. லீக் முழுக்கக் கேட்டுடுச்சு. இனிமே எவன் உனக்கு வெளிப்பக்கம் போடுவான்?"

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் மனது ஒரே இடத்தைச் சுற்றியது. கண் விஷயம் தெரிந்தவர்கள் இரண்டு பேர்தான். ஒருவன் அவனே. இன்னொருவன் பெயரை மனது தொடவே மறுத்தது. சூடான பாத்திரத்தைத் தொட்ட கை மாதிரி விலகிக்கொண்டது. விலகிய மனது போய் நின்ற இடம்தான் கொடுமை.

மில்கேயா துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"நீதானே?" என்றான்.

"என்ன நான்தானே?"

"நான் ஆடறது உனக்குப் பிடிக்கல. போதும் போதும்னு ரெண்டு வருஷமா சொல்றே. யாரையோ விட்டு வானொலியில பேச வெச்சது நீதானே? என் கண்ணைப் பத்தி…"

மடித்துக்கொண்டிருந்த சட்டையோடு அவள் கை நின்றது. "கண்ணைப் பத்தி என்ன? அந்த ஆளு ஏதோ கொளுத்திப் போட்டான்னு நினைச்சேன். அப்ப அது நிஜமா?"

அவன் வாயை மூடிக்கொண்டான். தாமதமாகிவிட்டது. அவள் எழுந்து வந்து அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது கண்ணுக்குப் பக்கத்தில் விரலை ஆட்டினாள். அவன் இமைக்கவில்லை. அவள் கண் நிறைந்தது.

"இதை என்கிட்ட மறைச்சே. இப்ப என்னையே சந்தேகப்படறே. பதினேழு வருஷம் உன்னோட குடித்தனம் பண்ணவளை."

"பின்ன யாரு? நீயே சொல்லு."

"நான் சொல்லணுமா? உனக்கே தெரியும். ஊர்ல எல்லாரும் உன்னை 'டேய்'ங்கறாங்க. நான் 'நீ'ங்கறேன். உன் பொண்ணு 'நீ'ங்கறா. கமீலோ 'நீ'ங்கறாரு. உனக்கு 'நீங்க' போட்டுப் பேசறது இந்த ஊர்ல ரெண்டே பேர். ஒண்ணு பங்குச் சாமியார். அவரு ஸ்பெயின்காரரு. பந்து உருண்டையா சதுரமான்னுகூட அவருக்குத் தெரியாது."

அவள் அந்த இரண்டாவது பெயரைச் சொல்லவில்லை. திரும்பிப் போய்ச் சட்டையை மடித்தாள். மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு எவரிஸ்தோ வழக்கம்போல் மளிகைக்கடை முற்றத்துக்குப் போனான். லியோனிதாஸ் வாளியோடு காத்திருந்தான். கையில் ஒரு தம்ளர் காப்பி.

"கை எப்படி இருக்கு, கொம்பாய்? பாவிப் பயல், அவன் கையில புத்து வைக்க! காப்பி குடிங்க."

எவரிஸ்தோ காப்பியை வாங்கவில்லை. துடைப்பக் கட்டையை எடுத்துக்கொண்டு சுவரோரம் போய் நின்றான். "உள்ள போடுங்க" என்றான்.

"கை வீங்கியிருக்கே, இன்னிக்கு வேண்டாமே."

"உடம்பை ஒட்டி உள்ள போடுங்க, கொம்பாய்."

லியோனிதாஸ் ஒரு மூடியை எடுத்து வீசினான். அது வெளிப்பக்கம் போயிற்று. எவரிஸ்தோ கட்டையைத் தூக்கவே இல்லை. இன்னொன்று வீசினான். அதுவும் வெளிப்பக்கம். மூன்றாவதும் மெதுவாக, அடிக்க வாகாக வந்து, அடிக்கப்படாமல் மண்ணில் விழுந்தது.

"உள்ள போடுங்க."

"காத்து தள்ளுது, கொம்பாய்."

முற்றத்தில் ஒரு வாழை இலைகூட அசையவில்லை.

"போடுடா, லியோ" என்றான் எவரிஸ்தோ.

லியோனிதாஸின் கையிலிருந்து வாளி நழுவியது. நீல மூடிகள் முற்றம் முழுக்க உருண்டன. பதினைந்து வருடங்களாக அவன் கேட்காத சொல் அது. அவன் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மேல் உட்கார்ந்தான். மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட எவரிஸ்தோவுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"முகத்தைப் பார்த்துச் சொல்ல மூணு தடவை வாயெடுத்தேன், கொம்பாய். நீங்க குழந்தை மாதிரி, 'நிஜமாவா சொல்றீங்க'ன்னு கேட்பீங்க. அந்த முகத்துக்கு முன்னாடி எனக்கு வார்த்தை வரல. ஊர்க்காரன் சொன்னா கேட்பீங்கன்னு நினைச்சேன். மூடி கன்னத்துல பட்டுச்சே, அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே இல்ல. பந்து தலையில படறதுக்குள்ள உங்களை நிறுத்தணும்னுதான்…"

"வாயில துணி வெச்சுப் பேசினே."

"ஆமா."

"குரலை மாத்தினே. பேரை மாத்தினே. 'நீங்க'ங்கறதை மட்டும் ஏன் மாத்தல? எல்லாரையும் மாதிரி 'போடா'ன்னு சொல்லியிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

லியோனிதாஸ் நிமிர்ந்து பார்த்தான். அவன் முகத்தில் உண்மையான திகைப்பு இருந்தது. அப்படி ஒரு வழி இருந்ததே அவனுக்கு இப்போதுதான் தெரிவதுபோல். "உங்களையா? அது எப்படி? திட்டறதுக்குக்கூட உங்களை ஒருமையில சொல்ல எனக்கு வாய் வராதே, கொம்பாய். பாவமில்லையா?"

எவரிஸ்தோவுக்குச் சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே நின்றது.

"ஒருமையில பேசினா பாவம். சத்தியத்தை மீறினா பாவமில்லையா? யாரிபெல் தலைமேல அடிச்ச சத்தியம்டா அது."

"தப்புதான்."

"வீட்டுக்குப் போன்னு சொன்னதுக்கு எனக்குக் கோபமில்ல. ஊரே சொல்லுது. ஆனா தினமும் காலையில ஆறு மணிக்கு, இந்த இடத்துல நின்னு 'அருமை, அருமை'ன்னு சொன்னியே, அந்த வாய்தானே மத்தியானம் அங்க பேசுச்சு? எனக்கு வெளிப்பக்கமா போட்டுப் போட்டு, நான் நல்லா இருக்கேன்னு நம்ப வெச்சே. அப்புறம் எங்கே போட்டா நான் விழுவேன்னு ஊருக்குச் சொல்லிட்டே. பொய்யை எனக்குக் குடுத்தே. உண்மையை ஊருக்குக் குடுத்தே. மாத்திக் குடுத்திருக்கணும், லியோ."

லியோனிதாஸ் குனிந்து ஒவ்வொரு மூடியாகப் பொறுக்கி வாளியில் போட ஆரம்பித்தான். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. எவரிஸ்தோ துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு வெளியே வந்தான். அன்றைக்கு டயர் இழுக்கவில்லை.

திங்கட்கிழமை அணிப் பட்டியலை மைதானத்தின் வாசல் கதவில் ஒட்டினார்கள். அவன் பெயர் இல்லை. கமீலோ போனில் கூப்பிட்டு, தொடக்க நாளன்று ஒரு பூங்கொத்து கொடுத்து அனுப்புவதாக நிர்வாகம் சொல்கிறது என்றார். "அனுப்பறதா? நான்தான் போறேன்னு சொல்லணும்னு நினைச்சேன்" என்றான் எவரிஸ்தோ. அதற்குப் பிறகு வானொலியில் மரியாதைக்காரர் பேசவே இல்லை. ஃபாபியோ இரண்டு நாள் தேடினான். பிறகு மறந்துவிட்டான்.

மில்கேயா அவனைத் தலைநகருக்கு, கண் டாக்டரிடம் கூட்டிப் போனாள். பேருந்தில் நாலு மணி நேரம் அவன் தோளில் சாய்ந்துகொண்டு வந்தாள். "என்னைச் சந்தேகப்பட்டதுக்கு இன்னும் மன்னிக்கல" என்றாள். கையை மட்டும் விடவில்லை.

அக்டோபர் மூன்றாவது சனிக்கிழமை யாரிபெலுக்குப் பதினைந்து வயது நிறைந்தது. கோயிலில் பூசை, பிறகு வீட்டு முற்றத்தில் பந்தல். கொண்டாட்டத்தில் பெண்ணின் தட்டைச் செருப்பைக் கழற்றிவிட்டு, முதல் குதிகால் செருப்பை மாட்டிவிட வேண்டியவர் ஞானத்தகப்பன்.

"வேற யாராவது மாட்டட்டுமே. உன் அண்ணன் மாட்டட்டும்" என்று மில்கேயாவிடம் சொல்லிப் பார்த்தான் எவரிஸ்தோ.

"அப்பா, அவருதான் மாட்டணும்" என்றாள் யாரிபெல். அவளிடம் யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ஞானத்தகப்பனை மாத்த முடியாது, எவரிஸ்தோ. அது கடவுள் முன்னாடி நடந்தது" என்றாள் மில்கேயா.

நான்கு மணிக்கு லியோனிதாஸ் வாசல் கேட்டருகே வந்து நின்றான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. நெஞ்சோடு அணைத்த செருப்புப் பெட்டி. மூன்று வாரத்தில் கன்னம் ஒட்டியிருந்தது. பந்தலுக்குள் இருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். உள்ளே வராமல் அங்கேயே நின்று கேட்டான்.

"உள்ள வரலாங்களா, கொம்பாய்?"

எவரிஸ்தோ எழுந்து கேட் வரை நடந்து போனான். கதவைத் திறந்தான். முகத்தில் கோபம் எதுவும் இல்லை. வீட்டுக்காரன் விருந்தாளியைப் பார்க்கும் முகம்தான்.

"வா, லியோ" என்றான். "வெயில்ல நிக்காதே. உள்ள வந்து உட்காரு."

லியோனிதாஸ் கண்ணை மூடித் திறந்தான். பெட்டியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. தலையைக் குனிந்தபடி உள்ளே வந்தான்.

பக்கத்து மேஜையில் மில்கேயாவின் அத்தை, தட்டிலிருந்த பன்றிக்கறியை விட்டு நிமிர்ந்து, பூரித்துப் போய்ச் சொன்னாள்: "பாருங்களேன், பொடிசுங்க மாதிரி மறுபடியும் வா போன்னு பேசிக்கறாங்க! எவ்வளவு சிநேகம்!"

லியோனிதாஸ் மண்டியிட்டு யாரிபெலின் காலில் செருப்பை மாட்டினான். அவள் எழுந்து நின்று, அவன் தோளைப் பிடித்துக்கொண்டு முதல் அடி வைத்தாள். எல்லோரும் கை தட்டினார்கள். அவன் தரையிலிருந்தே எவரிஸ்தோவை அண்ணாந்து பார்த்தான்.

"உங்க பொண்ணு வளர்ந்துட்டா, கொம்பாய்."

"ஆமா" என்றான் எவரிஸ்தோ. "உனக்குச் சாப்பாடு எடுத்து வெச்சிருக்காங்க. நீ போய்ச் சாப்பிடு."